பழைய சட்டத்தின் வாசல் வழியே: அடோல்ஃபோ சுவாரெஸ், 1976–1981

1976 நவம்பர் 18 அன்று மாட்ரிட்டில், ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ உருவாக்கிய சட்டமன்றமான கோர்ட்டெஸ், தன் ஆயுளைத் தானே முடித்துவைக்கும் மசோதாவை 425 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் 59 பேர், வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 13 பேர். அந்த அவையில் இருந்தவர்கள் எல்லாருமே சர்வாதிகார ஆட்சியில் பதவிக்கு வந்தவர்கள். சிலரை ஃபிராங்கோவே நேரடியாக நியமித்திருந்தார். ஸ்பானியப் பத்திரிகைகள் இந்த வாக்கெடுப்புக்கு, ஜப்பானிய வீரர்களின் தற்கொலைச் சடங்கை நினைத்து, ‘ஹராகிரி’ என்று பெயர் வைத்தன, அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. ஆனால் அது நடந்ததைச் சரியாகக் காட்டும் பெயர் அல்ல. அன்று ‘ஆம்’ என்ற யாரும் சாகப் போகிறோம் என்று நினைத்து ‘ஆம்’ சொல்லவில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் அதில் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது, அல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. யாருக்கு எதை, எந்த நாளில், எந்த வரிசையில் கொடுப்பது என்று கணக்குப் போட்டவர், பிரதமராகி நான்கரை மாதமே ஆன 44 வயது அடோல்ஃபோ சுவாரெஸ்.

அந்தக் கணக்கை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். 1976 ஜூலை முதல் 1978 டிசம்பர் வரை அவர் கைவைத்த பூட்டெல்லாம் திறந்தது. 1979க்குப் பிறகு அதே சாவி எதிலும் நுழையவில்லை. ஆளும் மாறவில்லை, திறமையும் குறையவில்லை. மாறியது பூட்டு. அதை மாற்றியவரும் அவரே.

மன்னரின் சத்தியம்

ஃபிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று இறந்தார். இரண்டு நாள் கழித்து ஹுவான் கார்லோஸ் மன்னரானார். ஃபிராங்கோ 1969 ஜூலையிலேயே அவரை வாரிசாக அறிவித்திருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஆற்றிய உரையில், ‘எல்லாம் கட்டப்பட்டுவிட்டது, நன்றாகவே கட்டப்பட்டுவிட்டது’ என்றும் சொல்லியிருந்தார். கட்டிய கயிறு எது? ‘அடிப்படைச் சட்டங்கள்’ என்று பெயர் பெற்ற ஏழு சட்டங்கள். அவற்றைக் காப்பேன் என்று மன்னர் சத்தியம் செய்திருந்தார். இனி தேர்தல் நடக்கும் என்று ஒரே ஆணையில் அறிவித்தால் அது சத்தியத்தை மீறுவதாகும். உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கம் நின்று போரிட்ட தளபதிகளே அன்றும் ராணுவத்தின் உச்சியில் இருந்தார்கள். அவர்கள் மன்னருக்குக் கீழ்ப்படிந்ததே ஃபிராங்கோ கைகாட்டியவர் என்பதற்காகத்தான். சட்டத்தை மீறிய மன்னர் அவர்கள் கண்ணில் மன்னரே அல்ல.

மறுபக்கம் எதிர்க்கட்சிகள். சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் 1976 மார்ச்சில் ஒரே அணியாகி, பழையதை ஒரேயடியாக முறித்துவிட வேண்டும், தற்காலிக அரசு அமைய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களிடம் தெருவும் ஆலைகளும் இருந்தன. ஆட்சியைப் பிடிக்கும் பலம் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் சுவாரெஸ் அல்ல, டோர்குவாட்டோ ஃபெர்னாண்டஸ் மிராண்டா. அரசியல் சட்டப் பேராசிரியர், ஹுவான் கார்லோஸின் ஆசிரியர். அவருடைய வாதம் எளிமையானது. 1947 வாரிசுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அடிப்படைச் சட்டங்களைத் திருத்தவும் நீக்கவும் வழி தருகிறது: கோர்ட்டெஸின் ஒப்புதல் வேண்டும், அதன்பின் மக்களின் பொது வாக்கெடுப்பு வேண்டும். சட்டங்களைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவர் இந்தப் பிரிவையும் காப்பதாகத்தானே சத்தியம் செய்தார்? ‘சட்டத்திலிருந்து சட்டத்துக்கு, சட்டத்தின் வழியாக’ என்ற வாசகம் இதைத்தான் குறிக்கிறது.

1975 டிசம்பரில் அவர் ஏற்ற பதவியிலேயே அவருடைய கூர்மை தெரிகிறது. பிரதமர் பதவியைத் தேடாமல் கோர்ட்டெஸின் தலைவர் பதவியை எடுத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் இருப்பவர் எந்த மசோதா எப்போது, எந்த நடைமுறையில் வரும் என்பதைத் தீர்மானிக்கிறார். அதோடு, அரசப் பேரவைக்கும் அவரே தலைவர். பிரதமர் பதவிக்கான மூன்று பெயர்களை மன்னருக்குக் கொடுப்பது அந்தப் பேரவைதான்.

பட்டியலில் மூன்றாவது பெயர்

முதல் ஆறு மாதம் வீணாய்ப் போனது. பழைய பிரதமர் கார்லோஸ் அரியாஸ் நவார்ரோ பதவியில் தொடர்ந்தார். அரைகுறைச் சீர்திருத்தம் பேசினார், அதையும் நடத்தவில்லை. 1976 மார்ச் 3 அன்று விட்டோரியா நகரில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். உள்துறை அமைச்சர் மனுவேல் ஃபிராகா அப்போது வெளிநாட்டில் இருந்தார். அவர் இடத்தில் நிலைமையைக் கவனித்தவர் சுவாரெஸ்.

யார் இந்த சுவாரெஸ்? ஆவிலா மாகாணத்தின் செப்ரெரோஸ் என்ற சிற்றூரில் 1932இல் பிறந்தவர். சாலமான்காவில் சட்டம் படித்தவர். ஃபெர்னாண்டோ ஹெர்ரெரோ தெஹெதோர் என்ற ஆட்சிப் பிரமுகரின் நிழலில் படிப்படியாக ஏறியவர். செகோவியா மாகாண ஆளுநர், 1969 முதல் 1973 வரை அரசுத் தொலைக்காட்சி, வானொலியின் தலைமை இயக்குநர், 1975 டிசம்பரிலிருந்து ‘தேசிய இயக்கம்’ எனப்பட்ட ஒரே ஆளுங்கட்சியின் அமைச்சர். பெரிய குடும்பம் இல்லை, பெரிய பட்டங்கள் இல்லை, ஒரு கோட்பாட்டோடும் பெயர் ஒட்டியிருக்கவில்லை. ஆட்சி இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர். தொலைக்காட்சி என்ன செய்யும் என்பதும் தெரிந்தவர்.

ஜூன் 9 அன்று அரசியல் சங்கங்கள் பற்றிய சட்டத்தை அவைக்கு எடுத்துவைத்தவர் அவரே. தெருவில் இயல்பாக இருப்பதை அரசியலிலும் இயல்பாக்குவோம் என்று பேசினார். 338க்கு 91 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது, 25 பேர் ஒதுங்கினார்கள். ஆனால் அதே நாளில் குற்றவியல் சட்டத் திருத்தத்தை அவை குழுவுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, கட்சி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் சொன்னது, கட்சி வைத்தால் சிறை என்று இன்னொரு சட்டம் சொன்னது. அரியாஸின் வழியில் என்ன கோளாறு என்பது இதில் வெட்டவெளிச்சமாகிறது. துண்டு துண்டாகத் திருத்தினால் ஒவ்வொரு துண்டிலும் அவையால் முட்டுக்கட்டை போட முடியும். ஃபெர்னாண்டஸ் மிராண்டாவும் சுவாரெஸும் இதைக் கண்ணால் பார்த்துக் கற்றார்கள்.

ஜூலை 1 அன்று மன்னர் கேட்டுக்கொள்ள, அரியாஸ் விலகினார். ஃபெர்னாண்டஸ் மிராண்டா அரசப் பேரவையை மாதக்கணக்காகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டிவந்தார். கூட்டம் என்பது வழக்கமாகிவிட்டதால், முக்கியமான நாளில் கூட்டியபோது யாரும் திரண்டு தடுக்க நேரமில்லை. பெயர்களை அவர் ஆட்சியின் உட்பிரிவுகள்படி பிரித்தார்: கத்தோலிக்கர், தொழில்நுட்ப நிர்வாகிகள், இயக்கத்தார். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் மிஞ்சும்வரை கழிக்கச் செய்தார். கடைசியில் ஃபெதெரிகோ சில்வாவுக்கு 15 வாக்கு, கிரெகோரியோ லோப்பெஸ் பிராவோவுக்கு 14, சுவாரெஸுக்கு 12. மூன்றாவது பெயர் கணக்குக்காகச் சேர்க்கப்பட்டது என்றே பேரவையில் பலர் நினைத்தார்கள். வெளியே வந்த ஃபெர்னாண்டஸ் மிராண்டா செய்தியாளர்களிடம், மன்னர் கேட்டதைக் கொடுக்கும் நிலையில் இருக்கிறேன் என்றார். அதன் முழுப் பொருள் அன்று யாருக்கும் புரியவில்லை. ஜூலை 3 அன்று நியமனம்.

‘என்ன பிழை, எத்தனை பெரிய பிழை!’ என்று ஒரு நாளிதழ்க் கட்டுரை தலைப்பிட்டது. ஃபிராகாவும் வெளியுறவு அமைச்சர் அரெய்ல்சாவும் அவருக்குக் கீழே பணியாற்ற மறுத்தார்கள். கிடைத்த இளையவர்களைக் கொண்டு அமைந்த அமைச்சரவையை, நிரந்தர வேலை இல்லாத விரிவுரையாளர்களின் அரசு என்று கிண்டல் செய்தார்கள். குறைத்து மதிப்பிட்டது அவருக்கு நல்லதாகப் போயிற்று: பெரியவர்கள் தடுக்க நினைக்கும் முன்பே அவர் கடந்துவிட்டிருந்தார்.

ஐந்தே பிரிவுகள்

ஆகஸ்டில் ஃபெர்னாண்டஸ் மிராண்டா மலையோர ஊரான நவசெராதாவில் தங்கி, ஒரு வரைவை எழுதி சுவாரெஸிடம் கொடுத்தார். இதற்குத் தகப்பன் பெயர் இல்லை என்று சொல்லியே கொடுத்தார். அரசியல் சீர்திருத்தச் சட்டம் என்று பெயர் பெற்ற அது மொத்தம் ஐந்து பிரிவுகளும் சில இடைக்கால விதிகளும் கொண்டது. சில பக்கங்களில் முடிந்துவிடும்.

உள்ளே என்ன இருந்தது? சட்டம் என்பது மக்களின் இறைமையிலிருந்து பிறப்பது. கோர்ட்டெஸுக்கு இரண்டு அவைகள். கீழவை, வயதுவந்தோர் அனைவரும் நேரடியாக, ரகசியமாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. மேலவையான செனட்டில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்குவரை மன்னர் கூடுதலாக நியமிக்கலாம். அரசியலமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் அறுதிப் பெரும்பான்மையும் பொது வாக்கெடுப்பும் வேண்டும். முதல் தேர்தலுக்குக் கீழவையில் 350 இடம், செனட்டில் 207. அந்த 207 எங்கிருந்து வந்தது என்றால்: 50 மாகாணங்களுக்கு நான்கு வீதம் 200, தீவு மாகாணங்கள் மூன்றுக்கும் ஒன்று கூடுதலாக 3, வட ஆப்பிரிக்காவில் உள்ள ஸ்பானிய நகரங்களான சேயுத்தாவுக்கும் மெலில்லாவுக்கும் இரண்டிரண்டாக 4.

எழுதாமல் விட்டவைதான் இதைவிட முக்கியம். ‘அரசியல் நிர்ணய சபை’ என்ற சொல் இல்லை. எந்தெந்தக் கட்சிக்கு அனுமதி என்று ஒரு வரி இல்லை. பழைய ஏழு சட்டங்களில் ஒன்றைக்கூட நீக்குவதாகச் சொல்லவில்லை. இதுவே எட்டாவது அடிப்படைச் சட்டம் என்ற வடிவில்தான் வந்தது. பழைமைவாதி படித்தால் ஃபிராங்கோவின் சட்ட வரிசையில் இன்னொன்று. எதிர்க்கட்சிக்காரர் படித்தால் தேர்ந்தெடுத்த அவை எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் அதிகாரம். ஒரே காகிதத்தில் இருவரும் தமக்கு வேண்டியதைக் கண்டார்கள்.

அடுத்தது வழிமுறை. ஏப்ரலிலேயே ஃபெர்னாண்டஸ் மிராண்டா அவசர நடைமுறை ஒன்றை உருவாக்கி வைத்திருந்தார். அதன்படி மசோதா நிலைக்குழுவில் மாதக்கணக்கில் ஊறாது. சிறு அறிக்கைக் குழு பார்க்கும், பிறகு நேரே முழு அவைக்கு வந்துவிடும். அறிக்கைக் குழுவின் ஐந்து பேரும் யோசித்துத் தேர்ந்தவர்கள். ஃபலாங்கே என்ற ஃபாசிசக் கட்சியை நிறுவிய ஹோஸே அந்தோனியோ பிரிமோ தெ ரிவேராவின் சகோதரர் மகன் மிகெல் அதில் ஒருவர். அரசுத் தொழிற்சங்கத்திலிருந்து நோயெல் சபிகோ. அந்த அவையில் அரிதாக இருந்த பெண்களில் ஒருவரான பெலேன் லந்தாபூரு. கனேரியத் தீவுகளைச் சேர்ந்த லொரென்சோ ஒலார்த்தே. எதிர்ப்புகளுக்கு வரி வரியாகப் பதில் சொல்லத் தெரிந்த சட்டப் பேராசிரியர் ஃபெர்னாண்டோ சுவாரெஸ் (பிரதமருக்கு உறவில்லை). ஃபலாங்கே நிறுவனரின் பெயரைச் சுமந்தவரே எழுந்து இதை ஆதரித்துப் பேசும்போது, துரோகம் என்று கத்துவது கடினம். பிளாஸ் பிஞார் போன்ற கடும் வலதுசாரிகள் கத்தத்தான் செய்தார்கள், ஆனால் தனித்து நின்றார்கள்.

வேண்டியிருந்தது மூன்றில் இரண்டு பங்கு. தடை வந்த இடம் ஒன்றுதான், அதுவும் ஃபிராகா அப்போது புதிதாகத் திரட்டியிருந்த மக்கள் கூட்டணி. அவையில் அதற்குப் பெரிய ஆதரவு இருந்தது. அவர்கள் தேர்தலை எதிர்க்கவில்லை. வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் பகிரும் விகிதாசார முறையைத்தான் எதிர்த்தார்கள்: ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற பெரும்பான்மை முறை இருந்தால் ஊர்ப்புறச் செல்வாக்கு தங்களுக்கே கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. இடதுசாரிகளோ விகிதாசாரம் இல்லாத தேர்தலை ஏற்கமாட்டார்கள். கடைசி நேரப் பேரத்தில் முடிவானது இது: விகிதாசாரம் இருக்கும். ஆனால் அவை சிதறாமல் இருக்கக் குறைந்தபட்ச வாக்கு சதவீதம் வைக்கப்படும். தொகுதி என்பது மாகாணம். ஒவ்வொரு மாகாணத்துக்கும், மக்கள்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தொடக்கத்திலேயே சில இடங்கள் உறுதி. மக்கள் கூட்டணி இறங்கிவந்தது. பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவரும் வாய்விட்டு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொன்னார்கள். 425 வந்தது.

உறுதியான தொடக்க இடங்கள் என்ற இந்தச் சிறு சலுகையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 15 பொது வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்பு கிராப்போ என்ற தீவிர அமைப்பு, ஆட்சியின் பெரும்புள்ளியான அந்தோனியோ மரியா தெ ஓரியோலைக் கடத்தியது. அரசு தேதியை மாற்றவில்லை. எதிர்க்கட்சிகள் வாக்களிக்க வேண்டாம் என்றன. வாக்காளர்களில் சுமார் 77 சதவீதம் பேர் வந்தார்கள், அவர்களில் 94 சதவீதம் ‘ஆம்’. அன்றோடு எதிரணியின் ‘முறித்துவிடுவோம்’ பேச்சு ஓய்ந்தது. இனி பேச்சுவார்த்தைதான்.

புனித சனிக்கிழமை

கம்யூனிஸ்ட் கட்சிதான் எல்லாவற்றிலும் கடினமான துண்டு. அவர்கள் இல்லாத தேர்தலை ஐரோப்பா தேர்தலாக மதிக்காது. அவர்கள் இருக்கும் தேர்தலை ராணுவம் ஏற்காது. 1976 செப்டம்பர் 8 அன்று சுவாரெஸ் உயர் தளபதிகளை அழைத்துப் பேசினார். அவர்களிடம் சொன்னது: இப்போதுள்ள அமைப்பு விதிகளோடு அந்தக் கட்சிக்கு அனுமதி கிடைக்காது. எச்சரிக்கையோடு தேர்ந்த வாக்கியம். விதிகளை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. தளபதிகள் கேட்டுக்கொண்டு போனதோ ‘ஒருபோதும் கிடையாது’ என்று. சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி பின்னால் பெரிய விலை கேட்டது. அதே செப்டம்பரில் பாதுகாப்புத் துணைப் பிரதமர் ஜெனரல் தெ சாந்தியாகோ, சுதந்திரத் தொழிற்சங்கங்களை எதிர்த்து விலகினார். அவர் இடத்துக்கு குத்தியெரெஸ் மெயாடோ வந்தார். சீருடைக்குள் சுவாரெஸுக்குக் கடைசிவரை துணை நின்றவர் அவர்.

1977 ஜனவரி 24 இரவு, மாட்ரிட்டின் அத்தோச்சா வீதியில், கம்யூனிஸ்ட் சார்புத் தொழிலாளர் வழக்கறிஞர்களின் அலுவலகத்தில் வலதுசாரிக் கொலையாளிகள் புகுந்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் பெருந்திரள் கூடியது, ஒரு கல்கூட விழவில்லை. கம்யூனிஸ்டுகளால் தங்கள் ஆட்களைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்று நாடு கண்ணால் பார்த்தது அன்றுதான். பிப்ரவரி 27 அன்று சுவாரெஸ் மாட்ரிட்டுக்கு அருகே ஒரு வீட்டில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சாந்தியாகோ கரீயோவை ரகசியமாகச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார். கட்சி மன்னராட்சியையும் இருவண்ணக் கொடியையும் ஏற்கும். அரசு சட்ட அனுமதி தரும்.

உச்ச நீதிமன்றம் தன்னிடம் வந்த கோப்பை அரசுக்கே திருப்பி அனுப்பியது. அரசு வழக்கறிஞர்களின் குழு, அமைப்பு விதிகளில் சட்டவிரோதமாக ஒன்றும் இல்லை என்று கருத்துச் சொன்னது. ஏப்ரல் 9, ஈஸ்டருக்கு முந்தின புனித சனிக்கிழமை, ஊரெல்லாம் விடுமுறையில் இருந்தபோது அறிவிப்பு வந்தது. கடற்படை அமைச்சர் பிதா தா வெய்கா விலகினார். ராணுவ உயர்மன்றம் பொதுவான வெறுப்பைப் பதிவு செய்தது, கட்டுப்பாட்டின் பெயரால் ஏற்றும் கொண்டது. ஏப்ரல் 14 அன்று கரீயோ தன் பங்கை நிறைவேற்றி, மேடையில் தேசியக் கொடியை வைத்தார்.

இங்கே அவருடைய வேலை முறை முழுதாகத் தெரிகிறது. தளபதிகள், பழைய அவை உறுப்பினர்கள், சோஷலிஸ்ட் தலைவர் ஃபெலிப்பே கொன்சாலெஸ், கரீயோ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தார். இருவரை ஒரே மேசையில் உட்காரவைக்கவே இல்லை. ஒருவருக்குக் கொடுத்தது என்ன என்று அடுத்தவருக்குத் தெரியவரும்போது அது நடந்து முடிந்திருக்கும். இதில் வேகமும் ரகசியமும் பாதி. மீதிப் பாதி, அவரைப் பதவியிலிருந்து இறக்க அவைக்கு அதிகாரம் இல்லை என்பது. அவரை வைத்தவர் மன்னர், எடுக்கக்கூடியவரும் மன்னர் மட்டுமே.

தேர்தல், ஒப்பந்தம், அரசியலமைப்பு

1977 மார்ச் 18 தேர்தல் ஆணையில் நவம்பர் பேரம் எண்ணாக மாறியது. மாகாணத்துக்குக் குறைந்தது இரண்டு இடம் என்றால் 50 மாகாணங்களுக்கு 100. சேயுத்தா, மெலில்லாவுக்கு ஒவ்வொன்று. மீதி 248 மட்டுமே மக்கள்தொகைப்படி. மாகாண அளவில் 3 சதவீத வாசல். வாக்குக்கேற்ப இடங்களைப் பகிர டோண்ட் என்ற கணக்கு முறை. மூன்று நான்கு இடமே உள்ள மாகாணத்தில் அந்த முறை முதல் இரண்டு கட்சிகளுக்குத்தான் இடம் கொடுக்கும். வாக்குரிமை வயது 21.

ஜூன் 15 அன்று, பத்துக்கும் மேற்பட்ட சிறு கட்சிகளைத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு ஒட்டிச் சேர்த்த சுவாரெஸின் மைய ஜனநாயக ஒன்றியம், 34 சதவீத வாக்கில் 165 இடம் பெற்றது. சோஷலிஸ்டுகளுக்கு 29 சதவீதத்தில் 118. அந்த விதியைக் கேட்டு வாங்கிய ஃபிராகாவின் மக்கள் கூட்டணிக்கு வெறும் 16.

அடுத்த பதினெட்டு மாதம்தான் அவருடைய உச்சம். பணவீக்கம் ஆண்டுக்கு 25 சதவீதத்தை ஒட்டி ஓடியது. நாட்டின் நாணயமான பெசெத்தாவின் மதிப்பு ஜூலையில் குறைக்கப்பட்டது. பொருளாதாரத் துணைப் பிரதமர் ஃபுயென்தெஸ் கின்தானா வகுத்த திட்டத்தை வைத்து, எல்லாக் கட்சிகளும் அக்டோபர் 25 அன்று பிரதமரின் மோன்க்ளோவா மாளிகையில் ஒப்பந்தம் போட்டன. ஊதிய உயர்வு கடந்த பணவீக்கத்தைத் தொடர்ந்து ஓடாமல், எதிர்பார்க்கும் பணவீக்கத்தோடு கட்டப்பட்டது: உச்சவரம்பு 22 சதவீதம். தொழிலாளர்கள் அதை ஏற்றதற்கு மாற்றாக வரிச் சீர்திருத்தமும் உரிமைகளும் வந்தன. வெளிநாட்டில் தஞ்சமிருந்த கட்டலோனியத் தலைவர் தர்ரதெயாஸ் அதே அக்டோபரில் பார்செலோனா திரும்பினார். அரசியலமைப்பை ஏழு பேர் குழு எழுதியது. கீழவையில் 325 ஆதரவு, 6 எதிர்ப்பு, 14 ஒதுக்கம். 1978 டிசம்பர் 6 பொது வாக்கெடுப்பில் சுமார் 88 சதவீத ஆதரவு. டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது.

சாவி நுழையாத பூட்டு

புதிய அரசியலமைப்பில் பிரதமரை உருவாக்குவது கீழவை. அவரை இறக்குவதும் கீழவை, மாற்றுப் பிரதமரின் பெயரையும் சேர்த்துச் சொன்னால். மன்னரின் நம்பிக்கை இனி மரியாதைக்குரிய ஒன்று, அவ்வளவே. சுவாரெஸ் தன் கையாலேயே தன் கால்களுக்குக் கீழிருந்த மண்ணை எடுத்து அவைக்குக் கொடுத்திருந்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த அவையில் எப்படி வாழ்வது என்று அவர் கற்றுக்கொள்ளவில்லை.

முதல் அறிகுறி உடனே தெரிந்தது. 1979 மார்ச் 1 தேர்தலில் 168 இடம் பெற்றார், அறுதிப் பெரும்பான்மைக்கு எட்டு குறைவு. மார்ச் 30 அன்று பதவியேற்பு வாக்கெடுப்புக்கு முன் விவாதம் நடத்த அவர் தரப்பு மறுத்தது. 183க்கு 149 என்று வென்றார், ஆனால் புதிய அரசியலமைப்பின் முதல் பிரதமர் விவாதத்துக்கு அஞ்சினார் என்ற கறை ஒட்டிக்கொண்டது. அதன்பின் அவைக்கு வருவதே குறைந்தது. தனியறையில் எதிரியையும் வசப்படுத்தியவர், முன்னூற்றைம்பது பேர் முன்னால் திணறினார்.

இரண்டாவது, கட்சி. கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், தாராளவாதிகள், சமூக ஜனநாயகவாதிகள், பழைய இயக்கத்தார் எல்லாரையும் ஒட்டவைத்த பசை, ஆட்சி கையில் இருந்தது என்பதே. விவாகரத்துச் சட்டம், தனியார் கல்வி என்று ஒரு பக்கம் சாய வேண்டிய கேள்விகள் வந்ததும் ஒட்டு விட்டது. 1980 ஜூலையில் கட்சியின் பெரும்புள்ளிகள் மன்சனாரெஸ் எல் ரியாலில் கூடி அதிகாரத்தைப் பகிரச் சொன்னார்கள். அக்டோபரில் அவை உறுப்பினர்கள் அவர் விரும்பியவரைத் தள்ளிவிட்டு, ஹெர்ரெரோ தெ மிஞோனைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்றாவது, தெற்கு ஸ்பெயினின் அந்தாலூசியா. அவருடைய தவறுகளில் இதுவே தவிர்த்திருக்கக்கூடியது. விரைவான சுயாட்சிக்கு அரசியலமைப்பு வைத்த நிபந்தனை கடுமையானது: எட்டு மாகாணத்திலும், வாக்களித்தவர்களில் பாதி போதாது, பதிவான வாக்காளர்களிலேயே பாதிக்கு மேல் ‘ஆம்’ சொல்ல வேண்டும். அந்த வேகத்தை நாடு தாங்காது என்று நம்பி, அரசு தன் ஆதரவாளர்களை வாக்களிக்காமல் இருக்கச் சொன்னது. அதை எதிர்த்து அமைச்சர் கிளவேரோ அரேவலோ விலகினார். 1980 பிப்ரவரி 28 அன்று அல்மெரியா எட்டவில்லை. சட்டப்படி அரசு வென்றது. ஆனால் ஸ்பெயினின் மிகப் பெரிய மக்கள்தொகை கொண்ட பகுதியில், தங்கள் உரிமைக்கு எதிராக நின்ற கட்சி என்ற பெயரோடு. 1976இல் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்தவர், இங்கே யாருக்கும் எதுவும் கொடுக்காமல் விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மே மாதம் சோஷலிஸ்டுகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 152 ஆதரவு, 166 எதிர்ப்பு, 21 ஒதுக்கம். தீர்மானம் தோற்றது, ஆனால் அதைக் கேட்ட நாட்டுக்கு ஃபெலிப்பே கொன்சாலெஸ் அடுத்த பிரதமராகத் தெரிந்தார். செப்டம்பரில் சுவாரெஸே நம்பிக்கை கோரி 180க்கு 164 என்று வென்றார். அதுவும் காகிதத்தில்தான். வேலையின்மை பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பாஸ்க் பிரிவினைவாத ஆயுதக் குழுவான எத்தாவின் கொலைகளில் 1980 மிக மோசமான ஆண்டு. சீருடையில் இருந்தவர்கள் வரிசையாகச் சுடப்பட்டார்கள். ஒவ்வொரு இறுதிச் சடங்கிலும் அரசைச் சபிக்கும் குரல் கேட்டது. 1976 செப்டம்பர் 8 கூட்டத்தை ராணுவம் மறக்கவில்லை. 1978 நவம்பரிலேயே பிரதமர் மாளிகையைப் பிடிக்கத் திட்டமிட்ட லெப்டினென்ட் கர்னல் தெஹேரோவுக்குக் கிடைத்தது ஏழு மாதத் தண்டனை. வெளியே வந்து மீண்டும் திட்டமிட அவருக்கு நேரம் இருந்தது.

1981 ஜனவரி 29 அன்று தொலைக்காட்சியில் விலகலை அறிவித்தார். ஜனநாயகக் கூட்டு வாழ்வு ஸ்பெயின் வரலாற்றில் இன்னொரு முறையும் ஓர் இடைக்குறிப்பாக முடிந்துவிடக் கூடாது என்று சொன்னார். அடுத்தவரான கல்வோ சொதேலோவுக்கு பிப்ரவரி 20 அன்று 169 வாக்குதான் விழுந்தது, 176 வேண்டியிருந்தது. ஆகவே 23ஆம் தேதி இரண்டாம் சுற்று. மாலை 6.23க்கு, பெயர் அழைப்பு நடந்துகொண்டிருந்தபோது, தெஹேரோ காவல்படையோடு அவைக்குள் புகுந்தார். குத்தியெரெஸ் மெயாடோ எழுந்து போய் ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னார், அவரைப் பிடித்துத் தள்ளினார்கள். கூரையை நோக்கிச் சுட்டதும் உறுப்பினர்கள் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள். சுவாரெஸ், குத்தியெரெஸ் மெயாடோ, கரீயோ மூவரும் பதுங்கவில்லை. 1977 ஏப்ரல் முடிவை எடுத்தவர், ராணுவத்தில் அதைத் தாங்கிப் பிடித்தவர், அதனால் சட்டத்துக்குள் வந்தவர் என்று அந்த மூவரையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் மேலே சொன்ன கதை முழுவதும் அங்கே இருக்கிறது. வாலென்சியாவில் ஜெனரல் மிலான்ஸ் தெல் போஷ் டாங்கிகளைத் தெருவில் இறக்கினார். நள்ளிரவு தாண்டி 1.14க்கு மன்னர் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, அரசியலமைப்பின் பக்கம் நிற்கும்படி ராணுவத்துக்கு இட்ட ஆணையை அறிவித்த பிறகு சதி அடங்கியது. பிப்ரவரி 25 அன்று கல்வோ சொதேலோ 186 வாக்குகளால் பிரதமரானார்.

1982இல் சுவாரெஸ் தன் கட்சியை விட்டு வெளியேறி, ஜனநாயக சமூக மையம் என்ற புதிய கட்சியைத் தொடங்கினார். அக்டோபர் தேர்தலில் அதற்கு 2 இடம். அவர் விட்டுவந்த மைய ஒன்றியம் 168இலிருந்து 11க்கு விழுந்தது, சில மாதங்களில் கலைக்கப்பட்டது. 1986இல் புதிய கட்சி 18 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை, அதாவது 9.2 சதவீதத்தைப் பெற்றது. ஆனால் அந்த வாக்கு நாடெங்கும் மெல்லியதாகப் பரவியிருந்தது. மூன்று நான்கு இடமுள்ள மாகாணங்களில் மூன்றாவதாக வந்த கட்சிக்கு இடமே இல்லை. அவருக்குக் கிடைத்தது 19. அதே தேர்தலில் கட்டலோனிய தேசியவாதிகள், நான்கே மாகாணங்களில் போட்டியிட்டு, 5 சதவீத வாக்கில் 18 இடம் பெற்றார்கள். 1976 நவம்பரில் 425 வாக்குக்காக அவர் ஒப்புக்கொண்ட விதிதான் அந்த எண்களைக் கொடுத்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.